இருபத்தாறு பூட்டுகள்

நவம்பர் 9, திங்கள்

தங்கச்சிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இரண்டு வருஷமாக என் எண்ணை உன் போனில் அடைத்து வைத்திருக்கிறாய். இப்போது இங்கே டவரே சாய்ந்து கிடக்கிறது. ஆக, நீ எடுக்காததும் நான் கூப்பிடாததும் சரியாகப் போயிற்று. பால் வண்டிக்காரர் மட்டும் தினமும் காலையில் உன் ஊரிலிருந்து வந்து மத்தியானம் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. உயிர்ச்சேதம் இல்லை. உன் அண்ணிக்குக் காலில் ஒரு கண்ணாடிக் கீறல், அவ்வளவுதான். கால்வாய்க் கரை சனிக்கிழமை உடைந்தது. தெருவில் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது. டீச்சர், ஆட்டோக்காரர், முடிவெட்டுகிறவர் என்று எல்லாரும் மண்வெட்டி எடுத்து முன்பக்கச் சாக்கடையை ஒரே நாளில் தோண்டிவிட்டோம். பள்ளிக்கூட வராந்தாவில் எல்லாருக்கும் ஒரே அடுப்பு.

பிரச்சினை பின்பக்கம். நம் வரிசைதான் உனக்குத் தெரியுமே, நாற்பது வீடும் ஒட்டி ஒட்டி நிற்கிறது, நடுவில் ஒரு சந்துகூடக் கிடையாது. கொல்லைப்புறங்களில் தண்ணீர் நெஞ்சளவு நிற்கிறது. ஒவ்வொரு கொல்லைக்கும் சுற்றுச்சுவர் இருப்பதால் ஒவ்வொன்றும் தனித் தொட்டி. அது தெருவுக்கு வர ஒரே வழி, வீட்டுக்குள் போய்ப் பின்கதவையும் முன்கதவையும் திறந்துவிடுவதுதான். பதினான்கு வீட்டில் ஆள் இருந்தார்கள், திறந்தாயிற்று. இருபத்தாறு வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக்கொண்டு படகில் ஏறினவர்கள் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

டெய்லர் வீட்டுப் பின்சுவர் நேற்று விழுந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி பெருமழை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அதற்குள் தண்ணீரை இறக்காவிட்டால் ஒரு சுவர் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரிசையே உட்கார்ந்துவிடும். மாடிகளில் ஜனங்கள் இருக்கிறார்கள்.

இருப்பதிலேயே பள்ளம் உன் வீடு. அங்கேதான் ஆழம் அதிகம். சாவியை இதே வண்டியில் கொடுத்தனுப்பு. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்


நவம்பர் 9, திங்கள் மாலை

அண்ணனுக்கு,

அண்ணி காலுக்கு டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? சேற்றுத் தண்ணீரில் பட்ட காயத்தைக் கீறல் என்று விட்டுவிடாதீர்கள். நான் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், தினமும் பார்க்கிறேன்.

சாவி தரமாட்டேன்.

அந்த வீட்டுக்குள் தெரு கடைசியாக வந்தது எப்போது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீச்சர் வீட்டு நகை காணாமல் போன மறுநாள். பூட்டு உடையவில்லை, கதவு நெளியவில்லை. அப்படியானால் பூட்டு மாட்டினவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். மாட்டினவர் என் வீட்டுக்காரர். உங்கள் கடையில், உங்களிடம் வேலை பார்த்தவர். என் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். டீச்சர் வாசலில் நின்று, "எடுத்திருந்தா குடுத்துடுங்க, போலீஸுக்குப் போக மாட்டேன்"னு சொன்னார். நகை கிடைக்கவில்லை. ஆனாலும் யாரும் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றீர்கள்.

அந்தத் தெரு இப்போது என் வீட்டு வழியாக நடந்து போக வேண்டுமாம்.

நீங்கள்தான் பூட்டைப் பார்த்தே சாவி வெட்டுகிற ஆளாயிற்றே! சாவி தொலைத்தவர்கள் எல்லாம் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்களே. என் வீட்டுப் பூட்டையும் ஒரு பார்வை பார்த்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

வெட்டிவிடாதீர்கள். என் அனுமதி இல்லாமல் அந்தக் கதவு திறந்தால் நான் போலீஸுக்குப் போவேன்.

தங்கை


நவம்பர் 10, செவ்வாய்

தங்கச்சிக்கு,

போலீஸ் ஸ்டேஷனே இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது. புகார் எழுதப் பேப்பர் காய்ந்ததும் சொல்லி அனுப்புகிறேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், விடு. உன் அண்ணிக்கு ஊசி போட்டாயிற்று. இன்றைக்கு இங்கே நடந்ததைக் கேள். என் கையை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று ஆட்டோக்காரர் கடப்பாரையோடு ஒரு கதவில் இறங்கிவிட்டார். கதவு அசையவில்லை. நான் போட்ட பூட்டு, நான் அடித்த இரும்புத் தகடு, எப்படி அசையும்? ஊறின சுவர்தான் அசைந்தது. நிலைக்கு மேலிருந்த கல் பெயர்ந்து அவர் தோளில் விழுந்தது. எலும்பு முறிவு. கடப்பாரையை யாரும் தொடக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பூட்டைத் திறந்துதான் கதவைத் திறக்க வேண்டும்.

நகை போனதற்கு அப்புறம் தெருவே பயந்துபோய் என்னிடம் வந்து பழைய பூட்டுகளை மாற்றிக்கொண்டது. எல்லாம் கதவோடு சேர்ந்த பூட்டு, அறுக்கவும் முடியாது. உன் வீட்டில் மட்டும்தான் பழையது. ஒவ்வொன்றிலும் சேறு இறுகிப் போயிருக்கிறது. கம்பியை விட்டுத் துழாவித் துழாவி ஒரு பூட்டுக்கு மூன்று மணி நேரம். இரண்டு நாளில் நான்கு கதவு. மீதி இருபத்திரண்டு. வியாழன் சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு திறந்தால் பெரிய விஷயம். பூட்டைப் பார்த்து வெட்டுவதெல்லாம் நல்ல பூட்டுக்கு, உள்ளே சுத்தமாக இருந்தால்தான் அது கண்ணுக்குப் பிடிபடும், வெளிச்சம் வேண்டும், அரம் துருப்பிடித்துக் கிடக்கிறது, கையும் இரண்டு நாளாகத் தண்ணீரில் ஊறி மரத்துப்போய்விட்டது, அதோடு எனக்கும் வயசாகிறது, முன்னைப்போல இல்லை. இதையெல்லாம் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. "உங்க கைக்கு என்னண்ணே ஆச்சு?"ன்னு ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

நீ தெருவின்மேல் உள்ள கோபத்தைச் சுவரின்மேல் காட்டாதே. உன் சுவர் விழுந்தால் இரண்டு பக்கத்து வீடும் விழும். ஒரு பக்கம் முடிவெட்டுகிறவர் வீட்டு மாடியில் பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத அவர் மகள் படுத்திருக்கிறாள். குழந்தையோடு இறக்கப் படகு இல்லை, பள்ளிக்கூடத்தில் இடமும் இல்லை.

சாவியை அனுப்பு. கேட்கிறேன்.

அண்ணன்


நவம்பர் 10, செவ்வாய் மாலை

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆட்டோக்காரர் தோளைப் பற்றி நான்கு வரி. உங்கள் கைக்கு, கண்ணுக்கு, அரத்துக்கு, வெளிச்சத்துக்கு, வயசுக்கு மூச்சு விடாமல் ஒரே வாக்கியம்.

நான் உங்கள் கூடப் பிறந்தவள். நீங்கள் உண்மை சொன்னால் ஒரு வார்த்தையில் சொல்வீர்கள். பொய் சொன்னால்தான் இப்படிப் பேச்சு நீளும். அப்பா மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டுப் பூனை, காற்று, ஜன்னல் என்று அரைமணி நேரம் கதை சொன்ன ஆள்தானே நீங்கள்?

எதை மறைக்கிறீர்கள்?

இவர் இப்போது நாற்காலித் தொழிற்சாலையில் திருகாணி முடுக்குகிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே திருகாணி. வீட்டில் யாரிடமும் கோபப்படுவதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டு வந்தார். இவர் நினைத்தால் இரண்டு நிமிஷம். "எனக்குத் தெரியாதும்மா, வேற யாரையாவது பாருங்க"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். 

உங்கள் கடிதங்களை அவரிடம் காட்டவில்லை. காட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பச்சை உடம்புக்காரியைச் சொல்லி என்னைக் கரைக்கப் பார்க்கிறீர்கள். கரைந்துவிட்டேன், போதுமா? ஆனாலும் சாவியை நாளைக்கு அனுப்ப மாட்டேன். முதலில் நான் கேட்டதற்குப் பதில். ஒரு வார்த்தையில்.

தங்கை


நவம்பர் 11, புதன்

தங்கச்சிக்கு,

ஒரு வார்த்தையில் சொல்ல வராது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

பூட்டைப் பார்த்தே சாவி வெட்ட எனக்குத் தெரியாது. எவனுக்கும் தெரியாது.

ஒரு வீட்டுக்குப் பூட்டுப் போட்டால் மூன்று சாவி செய்வேன். இரண்டை வீட்டுக்காரரிடம் கொடுப்பேன். மூன்றாவதன் தலையில் வீட்டு எண்ணுக்கு ஏற்றபடி, பத்துக்கு ஒரு நீளக் கீறல், ஒன்றுக்கு ஒரு குட்டைக் கீறல் என்று அரத்தால் போட்டு, பழைய சாவிகள் கிடக்கும் தகர டப்பாவில் போட்டுவிடுவேன். சாவி தொலைந்துவிட்டது என்று யாராவது வந்தால் அந்த வீட்டுக்குப் போய்ப் பூட்டை உற்றுப் பார்ப்பேன், கண்ணை மூடி யோசிப்பேன். கடைக்குத் திரும்பி, டப்பாவைத் துழாவி எடுத்து, வெறுமனே நாலு தடவை அரத்தை இழுத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கதவு திறக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்துக்காகத்தான் செய்தேன். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. கைராசிக்காரர், மாயக்காரர் என்றெல்லாம் சொன்னார்கள். நான் ஏன் மறுக்கப் போகிறேன்?

மாப்பிள்ளைக்கு இது பிடிக்காது என்று தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "ஒரு வீட்டுச் சாவிகூட கடையில தங்கக்கூடாது மச்சான்"னு சொன்னவர். அவரிடம் அந்த டப்பாவைக் கழிவு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

டப்பா மேசைக்கு அடியில் கிடக்கும், மூடிகூடக் கிடையாது. கடையில் வந்து அரட்டை அடிக்காத ஆள் யார்? நான் அதிலிருந்து எடுப்பதை எவனோ கவனித்திருக்கிறான். நகை போன அன்று சாயங்காலம் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். டீச்சர் வீட்டுச் சாவி அதில் இல்லை.

உன் வீட்டு வாசற்படியில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு இது தெரியும்.

சொல்லியிருந்தால் மாப்பிள்ளை தப்பியிருப்பார். நான் முடிந்திருப்பேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். அப்புறம் யாரிடம் சொல்வது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வேறொருவன் என்றால் அதோடு அந்தப் பழக்கத்தையாவது நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. புதிய பூட்டுகளுக்கும் மூன்றாவது சாவி செய்தேன். டப்பாவை மட்டும் வீட்டு அலமாரிக்கு மாற்றினேன்.

இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மீதமுள்ள அத்தனை வீட்டுச் சாவியும் அதில் இருக்கிறது, உன்னுடையதும்கூட. மண்ணெண்ணெய் விட்டுச் சேற்றைக் கழுவிச் சாவி போட்டால் ஒரு பூட்டுக்குப் பத்து நிமிஷம். அதை வெளியே எடுக்கத் தைரியம் இல்லாமல் மூன்று நாளாகக் கம்பியை வைத்துக் குடைந்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கு இரண்டு கதவு. என் பின்னால் ஜனங்கள் வாளி வாளியாகத் தண்ணீரை இறைக்கிறார்கள். ஒரு கொல்லையில் அரை அடிகூடக் குறையவில்லை.

என்ன செய்யட்டும், நீ சொல்.

அண்ணன்


நவம்பர் 11, புதன் மாலை

என்ன செய்யட்டும் என்றா கேட்கிறீர்கள்?

இரண்டு வருஷம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டேன். அவர் கையை நானே சில நாள் சந்தேகமாகப் பார்த்திருக்கிறேன், அது தெரியுமா உங்களுக்கு? கட்டின பெண்டாட்டி நான்! அதை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

இதோடு என் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறேன். என் கதவை இதைக்கொண்டே திறங்கள். உங்களிடம் இருக்கும் என் சாவியைத் தொடக்கூடாது.

மற்ற வீடுகளைத் திறப்பதற்கு முன்னால் தெருவைக் கூட்டுங்கள். டீச்சர் இருக்க வேண்டும். எனக்கு எழுதியதை அப்படியே வாயால் சொல்லுங்கள். கடிதத்தில் சொன்னது எனக்கு. தெருவில் சொன்னால்தான் அது அவருக்கு.

பேச்சை நீட்டாதீர்கள். மழை வருகிறது.


நவம்பர் 13, வெள்ளி

தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை வண்டி வந்ததும் உன் கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்தேன். "என்ன அது?" என்றாள் உன் அண்ணி. அவளுக்கும் அதுவரை தெரியாது. பள்ளிக்கூட வராந்தாவில் வாளியோடு வரிசையில் நின்றவர்கள் முன்னால் டப்பாவைக் கீழே வைத்துச் சொன்னேன். நீட்டவில்லை. நீட்ட மூச்சும் இல்லை.

யாருக்கும் முதலில் புரியவில்லை. தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்தான் கேட்டார்.

"அப்ப பூட்டைப் பார்த்தே சாவி வெட்டினதெல்லாம்?"

"இதுல இருந்து எடுத்ததுதான்."

"மூணு நாளா இது உங்க வீட்டுலயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் தன் தோளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.  அவர் என்னை அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டீச்சர் எழுந்து வந்தார். "என் சாவி?"

"அன்னிக்கு சாயங்காலமே டப்பாவுல இல்ல, டீச்சர். எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு இந்த டப்பா விஷயமே தெரியாது."

 டீச்சர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். "அந்த மனுஷன் வீட்டு வாசல்ல நின்னு நான் சொன்னதை எல்லாரும் கேட்டீங்க. இப்ப இதையும் கேளுங்க. நான் சொன்னது தப்பு. அவங்க வீட்டு டப்பாவைக் கொட்டினது நம்ம கைதான்."  யாரும் தலை நிமிரவில்லை.

முடிவெட்டுகிறவர் என் சட்டையைப் பிடித்தார். பிடித்த கையை அவரே எடுத்துவிட்டு, "முதல்ல கதவைத் திற. உன்னை அப்புறம் வெச்சுக்கறோம்" என்றார்.

டீச்சர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாவியின் தலையிலும் கீறலை எண்ணி, வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல வீட்டு எண்ணைக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஆள் வந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஊசிக் குழாயில் மண்ணெண்ணெய் நிரப்பிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இரண்டு சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தன, அவற்றைக் கம்பியால் எடுக்க வேண்டியதாயிற்று. உன் வீட்டை உன் சாவியால் நானே திறந்தேன். பின்கதவைத் தள்ளித் திறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. தண்ணீர் உன் கூடத்தின் வழியாகத் தெருவுக்கு இறங்கியபோது மாடியிலிருந்து அந்தப் பச்சை உடம்புக்காரி எட்டிப் பார்த்தாள். போன தண்ணீரில் உன் சமையலறை அலமாரி சாய்ந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

மூன்றரை மணிக்கு இருபதாவது கதவும் திறந்தது. நான்கரைக்கு மழை. இன்று காலைதான் விட்டது. ஒரே ஒரு வீட்டின் பின்கதவு ஊதிப்போய்த் திறக்காமல், அந்தச் சுவர் மட்டும் விழுந்தது. அங்கே யாரும் இல்லை. வரிசை நிற்கிறது.

என்னோடு யாரும் பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். வருத்தம்தான். உன் அண்ணி தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறாள். முகாமிலிருந்து ஜனங்கள் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். பூட்டு எதுவும் பூட்டவில்லை. உள்ளே சேறு. எல்லாவற்றையும் கழற்றி, அக்கக்காகப் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு வீட்டுக்கும் புதிய சாவி வெட்ட வேண்டும். இரண்டே சாவி, வீட்டுக்காரர் கண் முன்னால். டீச்சர் போட்ட நிபந்தனை. எனக்கு ஒரு மாதம் ஆகும். அதுவரை நாற்பது வீடும் திறந்துதான் கிடக்கும். ஆள் மாற்றி ஆள் காவல் இருக்கிறார்கள். அந்தக் காவலில் என்னைச் சேர்க்கவில்லை.

டீச்சர் மாப்பிள்ளைக்குத் தனியாக நான்கு வரி எழுதியிருக்கிறார். ஒட்டிக் கொடுத்தார், நான் பிரிக்கவில்லை.

அண்ணன்


நவம்பர் 14, சனி

அண்ணனுக்கு,

மூன்று கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். புதன்கிழமை எழுதியது, நேற்று எழுதியது, டீச்சருடையது.

நின்றபடியே படித்தார். டீச்சர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். உங்களுடையதை மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், சில நாள் நானே சந்தேகப்பட்டேன் என்று. "தெரியும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. திண்டாடிப் போய் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து, "எல்லாப் பூட்டுலயும் சேறா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"காய விட்டா உள்ளே ஸ்பிரிங் எல்லாம் அரிச்சுடும். ஒரு மாசமெல்லாம் தாங்காது. உங்க அண்ணனுக்கு இது தெரியாதா?"

இரண்டு வருஷத்தில் அவர் பூட்டைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு இது. தொழிற்சாலைக்குப் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதம் வரும் அதே வண்டியில் அவரும் வருகிறார். உங்களுக்காக இல்லை. நாற்பது வீடு திறந்து கிடக்கிறது, அதற்காக.

உங்களோடு பேச மாட்டார். நீங்களும் பேச வைக்கப் பார்க்காதீர்கள். மன்னிப்பு கேட்டு ஆரம்பித்து அழுது தொலைக்காதீர்கள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போய்விடும். மேசையில் பாதி இடம் காலி செய்து கொடுங்கள். கேட்கிற அரத்தை எடுத்துக் கொடுங்கள். வேலை நடக்கட்டும்.

நான் வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறுமா என்றும் தெரியாது, எழுதிக் கேட்காதீர்கள்.

வேலையில் இறங்கினால் அவருக்குச் சாப்பாட்டு ஞாபகம் இருக்காது. அண்ணியை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் உட்கார்ந்த பிறகு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எழுந்து போனால் போகட்டும். போகாவிட்டால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

தங்கை